வலது கன்னம்

என் தாடியைப் பற்றி எங்கள் தோட்டத்தில் எல்லோருக்கும் ஒரு கதை தெரியும். அது பொய்க் கதை. முதலில் கட்டியவர்கள் அவர்கள்தான். ஆனால் ஆமாம் என்று வாய் திறந்து சொன்னவன் நான். அதையும் வேறு யாரிடமும் சொல்லவில்லை, பாரிசவாதத்தில் படுத்துக் கிடந்த என் அப்பாவிடம் சொன்னேன். அவர் அதை நம்பியபடியே போய்ச் சேர்ந்தார்.

இலங்கையில், தெரணியகலைப் பக்கத்து றப்பர் தோட்டம் ஒன்றில் நான் பள்ளிக்கூட ஆசிரியர். அப்பா அதே தோட்டத்தில் பால் வெட்டிப் பென்ஷன் போனவர். அம்மா முன்னமே இறந்துவிட்டாள். தம்பி கட்டாரில். வரிசை அறைகளான தோட்டத்து லயத்தின் கடைசிக் காம்பராவை முன்பக்கம் கொஞ்சம் இழுத்துக் கட்டி, அப்பாவும் நானும் என் மனைவியும் அதில்தான் இருந்தோம். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை.

ஒரு காலையில் லயத்துப் பீலிக் குழாய்த் தண்ணீரில் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது அது முதன்முதலாக வந்தது. வலது பக்கம், மூக்கின் ஓரத்திலிருந்து தாடை வரைக்கும் ஒரே வெட்டு. கையிலிருந்த பிரஷ் எங்கே போனதென்று தெரியவில்லை. பத்து எண்ணுவதற்குள் எல்லாம் முடிந்து, ஒன்றும் நடக்காதது போல முகம் பழையபடி இருந்தது. அதை வலி என்று சொல்ல எனக்கு இன்றைக்கும் மனம் வராது. வலி என்றால் வரும், கொஞ்சம் இருக்கும், மெல்லப் போகும். இதற்கு அந்த மரியாதையெல்லாம் கிடையாது.

பல்தான் என்று நினைத்தேன். டவுனில் இருந்த பல் வைத்தியர் பார்த்துவிட்டு, பல் நன்றாகத்தான் இருக்கிறது, பிடுங்க வேண்டாம் என்றார். நான் விடவில்லை. வலிப்பது எனக்கா உங்களுக்கா என்று அவரோடு சண்டை போட்டு, சொத்தை ஒரு துளி இல்லாத கடைவாய்ப் பல்லைப் பிடுங்க வைத்தேன். மூன்று வாரம் கழித்துப் போய் இன்னொன்றையும் கொடுத்துவிட்டு வந்தேன். எனக்குக் கோபம் வந்தால் இப்படித்தான், எதையாவது பிடுங்கிப் போட்டால்தான் அடங்கும். இரண்டு பல்லும் போனது, வலி இருந்த இடத்தை விட்டு அசையவில்லை.

கடைசியில் கேகாலை ஆஸ்பத்திரி கிளினிக்குக்குப் போனேன். அங்கிருந்த டொக்டர் இளம் பெண். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, என் முகத்துக்குக் கிட்டே விரலைக் கொண்டுவந்தார். நான் நாற்காலியோடு பின்னால் போனேன். அவர் விரலை இறக்கிவிட்டார்.

"அனே பவ்... மேக்க தத் கெக்குமக் நெவெயி, சேர்" என்றார். ஐயோ பாவம், இது பல்வலியே இல்லை என்று அவர் சிங்களத்தில் சொன்னதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒரு வருடமாக ஒருவரும் பாவம் என்று சொல்லவில்லையே! முகத்துக்கு வரும் நரம்பொன்று கெட்டுப்போயிருக்கிறது, காற்றுப் பட்டாலும் அது வெட்டுப் பட்டதாக மூளைக்குச் சொல்கிறது என்று கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில் படம் போட்டுக் காட்டினார். குளிசை விழுங்கிக் குறைக்கலாம், ஒரேயடியாக ஒழிக்க முடியாது. கொழும்பில் காதுக்குப் பின்னால் திறந்து ஒப்பரேஷன் செய்வார்கள், யோசித்துச் சொல்லுங்கள் என்றார். இன்றுவரை யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

குளிசை கேட்டது, ஆனால் ஆளையும் சேர்த்து அமுக்கியது. வகுப்பில் நின்றுகொண்டு, கையில் இருக்கும் பொருளுக்குப் பெயர் என்ன என்று தேடுவேன். ஒரு நாள் 'வெண்கட்டி' என்ற சொல் வரவே இல்லை. பிள்ளைகள் சிரித்தார்கள், நான் மேசையில் அடித்தேன், அடித்த அதிர்ச்சியில் முகம் வெட்டியது. அதைவிடப் பெரிய கஷ்டம், அது வலிப்புக்காரர்களுக்குக் கொடுக்கும் குளிசை. தோட்டத்து மருந்துச் சாலையில் ஒருவர் பொட்டலத்தைப் பார்த்துவிட்டு, "மாஸ்டருக்கு காக்கா வலிப்பாங்க?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். எங்கள் லயத்தில் அந்தப் பெயர் ஒருமுறை ஒட்டினால் செத்தாலும் போகாது. அன்றிலிருந்து பொட்டலத்தை அரிசி டப்பாவுக்குள் ஒளித்து வைத்தேன். வலியைப் பற்றி வெளியே பேசுவதையும் நிறுத்திவிட்டேன்.

எதெது அதைக் கிளப்பும் என்று எனக்கு மனப்பாடம். குளிர்ந்த தண்ணீர், ஆட்டோவில் அடிக்கும் காற்று, மென்று தின்னும் எதுவும், மனைவியின் தலைமயிர் தெரியாமல் உரசுவது. பேசும்போது உதடு சேர்ந்து பிரிந்தாலும் வரும். அதனால் கழுத்திலும் முகத்திலும் மப்ளரைச் சுற்றிக்கொண்டேன். இறைச்சியை விட்டு, கரைத்த சோற்றைக் குடித்தேன். பேச்சைக் குறைத்தேன். முன்பக்கத்தில் தனியாகப் பாய் போட்டுப் படுத்தேன்.

இன்னொன்றும் நானாகக் கண்டுபிடித்து வைத்திருந்தேன். பெரிய வெட்டு ஒன்று விழுந்து முடிந்ததும், சில நிமிடங்களுக்கு அந்த நரம்பு ஓய்ந்து கிடக்கும். அப்போது முகத்தைத் தேய்த்துக் கழுவினாலும் ஒன்றும் ஆகாது. அதை வீணாக்கக் கூடாது. நான் தூணைப் பிடித்துக்கொண்டு துடித்துக்கொண்டிருக்கும்போதே என் மனைவி ஒரு கையில் சோற்றுக் கோப்பையும் மறு கையில் பிரஷும் வைத்துக்கொண்டு பக்கத்தில் நிற்பாள்.

"முடிஞ்சிருச்சாங்க? சரி, வாயைத் தொறங்க, சுருக்கா சாப்பிடுங்க."

அந்தச் சில நிமிடங்களில் தின்று, பல் துலக்கி, முகம் கழுவி முடிப்பேன். சவரம் செய்ய மட்டும் நேரம் போதாது. ஒரு முறை அவசரப்பட்டு இடது பக்கம் முழுவதையும் வழித்துவிட்டு வலது பக்கம் வந்தபோது கெடு முடிந்துவிட்டது. பாதி முகம் மொழுமொழுவென்றும் பாதி முகம் முள்முள்ளாகவும் பள்ளிக்கூடம் போக முடியாதே. மூன்று நாள் லீவு போட்டேன். அதற்குப் பிறகு பிளேடைத் தொடவில்லை.

அது கார்த்திகை மாதம் என்பதை நான் கவனிக்கவில்லை. ஐயப்பன் மலைக்குப் போகிறவர்கள் எங்கள் தோட்டத்துக் கோயிலில் மாலை போடுகிற மாதம். மாலை போட்டவர்கள் சவரம் செய்ய மாட்டார்கள், கவிச்சி தின்ன மாட்டார்கள், மனைவியை விட்டுத் தனியாகத் தரையில் படுப்பார்கள், அநாவசியமாகப் பேச மாட்டார்கள். நான் இவை எல்லாவற்றையும் செய்துகொண்டிருந்தேன். கழுத்தில் மாலை மட்டும்தான் இல்லை, அந்தக் கழுத்தையும் மப்ளர் மூடியிருந்தது.

ஒரு நாள் கோயில் கமிட்டித் தலைவர் ரோட்டில் என்னைக் கண்டதும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். "சாமி சரணம்! மாஸ்டர் சொல்லவே இல்லையே!" என்றார். எனக்கு விளங்கச் சில விநாடி எடுத்தது. இல்லை ஐயா, எனக்கு முகத்தில் வருத்தம், நரம்பு நோய் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் என்ன வருத்தம் என்பார், என்ன குளிசை என்பார். நான் தலையை மட்டும் ஆட்டினேன். அந்த வாரமே எனக்கு 'சாமி மாஸ்டர்' என்று பெயர் விழுந்துவிட்டது.

உண்மையைச் சொல்வதென்றால், எனக்கு அது வசதியாக இருந்தது. யாரும் தோளில் தட்டவில்லை. யாரும் வாயைக் கிளறவில்லை. பஸ்ஸில் தெரியாத ஆட்கள்கூட, கேட்காமலே, காற்றடிக்காத உள்பக்க இடத்தை எனக்கு விட்டார்கள். வலிக்காக ஒருவரும் தராத மதிப்பை வேண்டுதலுக்காகத் தந்தார்கள். என் மனைவிக்குத்தான் பிடிக்கவில்லை.

"சாமி விசயத்துல வெளையாடாதீங்க. வருத்தம்னு சொல்லிப்புடுங்க."

"நீ சும்மா இரு" என்று எரிந்து விழுந்தேன். அவளும் சும்மா இருக்கவில்லை. கோயிலுக்குப் போய் எனக்காக மன்னிப்புக் கேட்டு விளக்கேற்றிவிட்டு வந்தாள்.

தை மாதம் மற்றவர்கள் மலைக்குப் போய்வந்து தாடியை எடுத்தார்கள். என் தாடி நின்றது. ஆள் மலைக்கும் போகவில்லை, தாடியையும் எடுக்கவில்லை என்றால் என்ன அர்த்தம்? தோட்டம் தானே யோசித்துத் தானே பதிலும் சொல்லிக்கொண்டது. மாஸ்டர் தகப்பனுக்காக வேண்டியிருக்கிறார். கிழவர் எழுந்து நடக்கும் வரைக்கும் தாடியை எடுக்க மாட்டார்.

அப்பா அப்போது விழுந்து எட்டு மாதம். றப்பர் மலையில் நாள் முழுக்க ஏறி இறங்கிய மனிதர், இடது கை இடது கால் வராமல் கட்டிலில் கிடந்தார். முகத்தில் இடது பாதி தொங்கிவிட்டது. அதில் எறும்பு ஊர்ந்தாலும் அவருக்குத் தெரியாது. அவருக்குப் பாதி முகம் செத்துக் கிடந்தது. எனக்குப் பாதி முகம் வேண்டாத அளவுக்கு உயிரோடு இருந்தது. இந்த இரண்டையும் ஒரே காம்பராவுக்குள் கொண்டுவந்து போட்டவன் யாராக இருந்தாலும் அவனைத் திட்டாத நாள் இல்லை.

அப்பா பாசத்தைக் காட்டத் தெரியாத ஆள். நான் படிப்பு முடித்து வேலைக் கடிதத்தோடு வந்து நின்றபோதுகூட, "ம். சட்டையை மாத்திக்கிட்டு சாப்புடு" என்றார். என் வலியை அவர் கடைசிவரை பல்வலி என்றுதான் நினைத்தார். "பல்லு வலிக்கு இம்புட்டு ஆர்ப்பாட்டமா?" என்று ஆரம்பத்தில் ஒருமுறை கேட்டார். அதற்குப் பிறகு நானும் அவர் முன்னால் சத்தம் போடுவதில்லை. வெட்டு வந்தால் கொல்லைப் பக்கம் போய்விடுவேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவருக்குச் சவரம் செய்துவிடுவது என் வேலை. மாசி மாதத்து ஞாயிறு ஒன்று. முந்திய நாள்தான் கமிட்டித் தலைவர் அவரைப் பார்க்க வந்து, "ஒங்களுக்காகத்தான் மகன் இப்புடி இருக்காரு" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அது எனக்குத் தெரியாது. நான் அவருடைய செத்த கன்னத்தை இழுத்துப் பிடித்து வழித்துக்கொண்டிருந்தேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்காகவாடா?" என்றார். வாய் கோணியிருந்ததால் பேச்சு குழறும். நான் என்ன என்று குனிந்தேன்.

அவர் வலது கையைத் தூக்கினார். பால் வெட்டும் கத்தி பிடித்துப் பிடித்து விரல்கள் காய்ப்பேறிய கை. அது என் கன்னத்தை நோக்கி வந்தது. நாற்பத்து நான்கு வருடத்தில் அப்பா என் முகத்தைத் தடவ வந்தது அதுதான் முதல் தடவை.

நான் தலையைச் சட்டென்று பின்னால் இழுத்துக்கொண்டேன். யோசித்துச் செய்ததில்லை. நெருப்பைக் கண்டு விலகுவது போல உடம்பே விலகியது. கை அந்தரத்தில் நின்றது. அப்பாவின் முகத்தில் உயிரோடிருந்த பாதி சுருங்கியதை நான் பார்த்தேன். ஐயோ, இதை எப்படியாவது சரிக்கட்ட வேண்டுமே என்ற பதற்றத்தில், வாயில் தயாராக இருந்தது அதுதான்.

"வெரதம்ப்பா. தொடக்கூடாது."

அவர் கையை உடனே கீழே இறக்கினார். மன்னிப்புக் கேட்பது போலத் தலையை ஆட்டி, அந்தக் கையாலேயே தன் நெற்றியைத் தொட்டு என்னைக் கும்பிட்டார். என்னை! பெற்ற தகப்பன் பிள்ளையைக் கும்பிட்டார். நான் மிச்சச் சவரத்தை எப்படி முடித்தேன் என்று ஞாபகமில்லை.

அதற்குப் பிறகு வருகிறவர்களிடமெல்லாம் அவர் சொல்லத் தொடங்கினார். வாழ்க்கையில் ஒருமுறைகூட என்னைப் பற்றி நல்ல வார்த்தை பேசாத மனிதர், குழறிக் குழறி, "எம் மவன்... எனக்காக... தாடி" என்று காட்டினார். என்னிடம் ஒரே ஒரு கட்டளை போட்டார். "நா எந்திரிக்கணும். இல்ல, போகணும். அதுவரைக்கும் எடுக்காதடா." நான் சரி என்றேன். வேறென்ன சொல்வது? உன்னைத் தொட விடாதது சாமி இல்லை, என் நரம்பு என்று அப்போது சொல்லியிருந்தால் அவருக்கு எது மிஞ்சியிருக்கும்? ஒவ்வொரு ஞாயிறும் சொல்லிவிட வேண்டும் என்று பிளேடை எடுப்பேன். அவர் கண்ணைப் பார்த்ததும் சவர நுரையைக் குழைக்கத் தொடங்கிவிடுவேன். அவர் அந்தக் கையை மறுபடி தூக்கவே இல்லை. நான் குனியும்போதெல்லாம் என்மேல் பட்டுவிடாமல் போர்வைக்குள் இழுத்துக்கொள்வார்.

ஆடி மாதத்து மழையில், விடிந்து வெளிச்சம் வந்த பிறகு, கஞ்சி குடித்துக்கொண்டிருந்தபோதே அப்பா போய்விட்டார்.

தம்பிக்கு லீவு கிடைக்கவில்லை. போனில் முகத்தைக் காட்டி அழுதான். ஆகவே குடம் உடைப்பதும் மண் போடுவதும் மூத்தவன் நான்தான். அதற்கு முன்னால் மொட்டையடித்து, தாடி மீசை எடுக்க வேண்டும். சவரம் செய்யும் பரியாரி மறுநாள் காலையிலேயே வந்துவிட்டார். என் மனைவி என்னைக் கொல்லைப் பக்கம் கூட்டிக்கொண்டு போய் இரண்டு குளிசையைக் கையில் வைத்தாள்.

"இப்பவாச்சும் சொல்லிறலாங்க. கத்தரிக்கோலால வெட்டச் சொல்லலாம்."

"அவர் நம்பிக்கிட்டுப் போயிட்டாரு. அது அப்புடியே இருக்கட்டும்" என்றேன். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சுடுகாடு றப்பர் மரங்களுக்குக் கீழே, ஓடைக்குப் பக்கத்தில். பெட்டியை இறக்கி வைத்துவிட்டு என்னை ஓடைக் கல்லில் உட்கார வைத்தார்கள். மழை விட்டிருந்தது, ஆனால் காற்று இருந்தது. குளிசை தலையைச் சுற்ற, பரியாரி மூன்றாகத் தெரிந்தார். தலையை மழித்தார், சரி. இடது பக்கம் எடுத்தார், சரி. வலது பக்கத்துக்குத் தண்ணீர் தொட்டபோது அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"ஐயா, இந்தப் பக்கம் மட்டும் கத்தரிக்கோலால..."

பக்கத்தில் குடை பிடித்துக்கொண்டு நின்ற தாய்மாமன் விடவில்லை. "என்னா மாப்புள இது? கத்தி படணும். இம்புட்டு மாசமா அவருக்காக வச்ச தாடி, கொறையா எடுத்தா அவருக்கு ஆகுமா?" பரியாரி என்னைப் பார்த்தார். நான் கையை விட்டேன்.

தண்ணீர் பட்டதும் முதல் வெட்டு. பல்லைக் கடித்தேன், கடித்ததில் இரண்டாவது. கத்தி மூக்கோரத்திலிருந்து இறங்கியபோது அது வழக்கம்போல் பத்து எண்ணுவதற்குள் நிற்கவில்லை. ஒன்றின்மேல் ஒன்றாக வந்து விழுந்தது. நான் கத்தினேன். கத்தினேன் என்பது சின்னச் சொல். ஆட்டை அறுக்கும்போதுகூட அப்படி ஒரு சத்தம் நான் கேட்டதில்லை. ஓடைக் கல்லில் விழுந்து புரண்டேன். இரண்டு பேர் பிடித்து உட்கார வைக்க, பரியாரி மிச்சத்தை எடுத்து முடித்தார்.

என் சத்தத்தைக் கேட்டு மேலே நின்ற ஆண்கள் எல்லோரும் அழுதார்கள். மாமன் குடையைப் போட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "பாத்தியா, எப்புடிப்பட்ட புள்ள! இம்புட்டு நாளா உள்ளுக்கே வச்சிருந்திருக்கான் பாரு!" என்று கமிட்டித் தலைவர் சொன்னது எனக்குக் கேட்டது. இன்றைக்கும் எங்கள் தோட்டத்தில் மரண வீடுகளில் அதைச் சொல்கிறார்கள். தகப்பனுக்கு அழுதால் சாமி மாஸ்டர் மாதிரி அழவேண்டுமாம். அப்பாவை அந்த நேரத்தில் நான் நினைக்கவே இல்லை. நரம்பைத் தவிர உலகத்தில் எனக்கு வேறொன்றும் இல்லை.

பிறகு அது ஓய்ந்தது. தலையில் தண்ணீர் ஊற்றினார்கள். முகத்தில் வழிந்தது, ஒன்றும் ஆகவில்லை. காற்று அடித்தது, ஒன்றும் ஆகவில்லை. கெடு தொடங்கிவிட்டது. எனக்கு அது தெரிந்தது. பழக்கதோஷத்தில் கண் என் மனைவியைத் தேடியது, சோற்றுக் கோப்பையோடு நிற்கிறாளா என்று. பெண்கள் சுடுகாட்டுக்கு வருவதில்லை.

வாய்க்கரிசி போடப் பெட்டியைத் திறந்தார்கள். நெஞ்சின்மேல் கோத்துக் கட்டிய கைகளோடு அப்பா கிடந்தார். நான் அரிசியைப் போட்டேன். மூடப் போனார்கள். "கொஞ்சம் பொறுங்க" என்று சொல்லி, கட்டியிருந்த துணியை அவிழ்த்து வலது கையைப் பிரித்தெடுத்தேன். விறைத்திருந்தது. வரமாட்டேன் என்றது. நான் பெட்டியின்மேல் குனிந்து, சவரம் செய்த என் வலது கன்னத்தை அந்தக் காய்ப்பேறிய உள்ளங்கைக்குள் கொண்டுபோய் வைத்தேன். நன்றாக அழுத்தி வைத்துத் தேய்த்தேன்.

வலிக்கவில்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை அந்த நரம்பு ஓயும். மாசியிலிருந்து ஆடி வரைக்கும் எத்தனை நாள்! கொல்லையிலிருந்து அப்பாவின் கட்டிலுக்குப் பத்தடி. அந்த ஒவ்வொரு தடவையும் நான் சோறு தின்றேன், பல் துலக்கினேன், வாய் கொப்பளித்தேன். ஒரே ஒரு தடவை அந்தப் பத்தடியை நடந்து போய், அவர் கைக்குக் கிட்டே குனிந்திருக்கலாம். எனக்குத் தோன்றவே இல்லை.